பெட்டிக்குள் ஒரு மின்சார சபை

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

"சேர், புது கிராஃபிக்ஸ் கார்ட் ஒன்று வாங்கப் போறேன். இருக்கிற பவர் சப்ளை தாங்குமா?"

இந்தக் கேள்வி எனக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வருகிறது, வெள்ளவத்தையிலிருந்தும் வருகிறது. கேட்பவர்கள் எல்லாரும் கேம் விளையாடத்தான் கேட்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். கல்யாண வீடியோ எடிட் பண்ணி வீட்டுச் செலவுக்குக் கொடுக்கிற பிள்ளை இருக்கிறான். வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு இரவிரவாக வீட்டு வரைபடம் செய்து அனுப்புகிற பிள்ளை இருக்கிறாள். கார்டுக்கான காசு பெரும்பாலும் வாப்பாவின் சீட்டுக் காசு, இல்லையென்றால் டுபாயில் இருக்கிற நானா அனுப்பிய காசு. அந்தக் காசு முழுவதும் கார்டுக்கே போய்விடும். கடைசியில் பவர் சப்ளைக்கு வரும்போது, "பெயரில்லாத 500 வாட் ஒன்று மலிவாக இருக்கு, அது போதும்தானே?" என்பார்கள்.

ஒரே சொல்லில் பதில் சொல்லலாம். ஆனால் நான் வரலாறு படிப்பிக்கிறவன். இந்தக் கேள்வி கொழும்புக்குப் புதிதல்ல. 125 வருடங்களுக்கு மேலாக இந்த நகரம் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. வெளிச்சத்தை முதலில் வாங்குவோம், அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிறகு பார்ப்போம் என்பது நமது பழைய பழக்கம்.

கோட்டையில் தொடங்கிய கதை

இலங்கையில் மின்சாரம் விநியோகமாக வழங்கப்பட்டது 1895இல். பூஸ்டெட் சகோதரர்கள் என்ற வணிக நிறுவனம் கொழும்புக் கோட்டையில், பிரிஸ்டல் கட்டடத்தில் ஒரு சிறிய மின் நிலையத்தை வைத்து, சுற்றியிருந்த இடங்களுக்கு மின்சாரம் கொடுத்தது. அதே நிறுவனத்தின் முயற்சியால்தான் 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் கொழும்பு வீதிகளில் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கியது. கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு பாதை, பொரளைப் பக்கம் ஒரு பாதை. ட்ராமுக்கும் விளக்குக்கும் சேர்த்து ஒரே கம்பனி. அதன் பெயரிலேயே ட்ராம் முன்னுக்கும் விளக்கு பின்னுக்கும் இருந்தது.

இதைக் கவனியுங்கள். கொழும்பின் முதல் மின் வலையமைப்பு நாட்டுக்காகப் போடப்பட்டதல்ல. ஒரு ஹோட்டல், சில கந்தோர்கள், சில வீதிகள், ஒரு ட்ராம். யாரிடம் காசு இருந்ததோ, அவர் வாங்கிய சாமானுக்கு ஏற்றபடி அந்தந்த இடத்தில் மின்சாரம் வந்தது. சாமான் முதலில், மூலம் பிறகு.

அந்த ஒழுங்கைத் திருப்பிப் போட நினைத்தவர் ஒருவர் இருந்தார். காலியில் பிறந்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் அவர் ஒரு கட்டுரை வாசித்தார். மலைநாட்டு ஆறுகளின் நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம், அந்த மின்சாரத்தை வைத்துக் கைத்தொழிலையும் ரயிலையும் நடத்தலாம் என்பது அதன் சாரம். தேவை வந்த பிறகு மூலத்தைத் தேடாதீர்கள், மூலத்தை அமைத்தால் தேவை தானாக வளரும் என்ற சிந்தனை அது. 1920களில் லக்ஷபான வேலை தொடங்கியது. இடையில் நின்றது. 1927இல் அரச மின் திணைக்களம் அமைக்கப்பட்டது. திட்டம் மட்டும் இழுபட்டுக்கொண்டே போனது. அவர் 1931இல் இரத்தினபுரி உறுப்பினராக அரசுக் கழகத்துக்கே போய் அதற்காக வாதாடினார். லக்ஷபானவின் முதல் கட்டம், 25 மெகாவாட், இயங்கத் தொடங்கியது 1950இல். கட்டுரை வாசித்து 32 வருடங்களின் பின். 1953இல் அவர் காலமானார். தான் கேட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனார் என்பது ஒரு ஆறுதல்.

25 மெகாவாட் எவ்வளவு என்று பிள்ளைகளுக்கு விளங்கும்படி சொல்வதென்றால், இன்றைய ஒரு நடுத்தர கேமிங் கணினி முழு வேகத்தில் 350 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ எழுபதாயிரம் கணினிகள் ஒன்றாக இயங்கினால் அன்றைய முழு லக்ஷபானவும் தீர்ந்துவிடும்.

பெட்டிக்குள் நுழைவோம்

இனி கணினிப் பெட்டியின் பின்பக்கம், மேலோ கீழோ, விசிறியோடு இருக்கிற அந்த இரும்புப் பெட்டிக்கு வருவோம். சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் மாறுமின்னோட்டம். கணினிக்குத் தேவை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டம். நடுவில் நிற்பதுதான் பவர் சப்ளை. ஒரு வீட்டுக்கு மின்சார சபை எப்படியோ, கணினிக்கு அந்தப் பெட்டி அப்படி.

பழைய ரேடியோக்களைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே பாரமான ஒரு இரும்பு டிரான்ஸ்போமர் இருக்கும். விநாடிக்கு 50 தடவை மாறுகிற மின்சாரத்தை இறக்க அவ்வளவு இரும்பு தேவை. அந்த முறையில் பாதிக்கு மேற்பட்ட சக்தி சூடாகவே போய்விடுவதும் உண்டு. 1960களிலும் 70களிலும் வேகமான டிரான்சிஸ்டர்கள் வந்தபோது வேறொரு வழி பிறந்தது. முதலில் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கு, பிறகு விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி விடு. வேகம் கூடினால் டிரான்ஸ்போமர் சிறுக்கும். உள்ளங்கையில் அடங்கும். 1977இல் வந்த ஆப்பிள் 2 கணினிக்கு ரொட் ஹோல்ட் என்ற பொறியியலாளர் இப்படி ஒன்றைச் செய்தார். 1981 ஓகஸ்ட்டில் ஐபிஎம் தன் முதல் தனிநபர் கணினியை வெளியிட்டபோது அதன் பவர் சப்ளை 63.5 வாட்தான். நம் வீடுகளில் எரிந்த பழைய குண்டு பல்ப் ஒன்றின் அளவு! 1983இல் எக்ஸ்டி வந்தபோது 130 வாட். 1984இல் ஏடி வந்தபோது 192 வாட். மூன்று வருடங்களில் மூன்று மடங்கு. பசி அப்போதே தொடங்கிவிட்டது.

அதே காலம் இலங்கையில் என்ன நடந்தது? 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. 1979இல் ஐடிஎன், 1982இல் ரூபவாஹினி. புறக்கோட்டைக் கடைகளில் டிவியும் டெக்கும் குவிந்தன. டிவி வாங்கிய வீடுகள் பலவற்றில் பக்கத்தில் இன்னொரு பெட்டியும் வந்து உட்கார்ந்தது, ஸ்டெபிலைசர். வோல்டேஜ் ஏறி இறங்குகிற ஊரில் டிவியை நம்பி வாங்கலாம், கரண்டை நம்பி வாங்க முடியாது என்பதற்கு அந்தப் பெட்டி சாட்சி. 1984இல் கணினிக்கென்று அரச அமைப்பான சின்டெக் உருவானது. அதே வருடத்தில் மொரட்டுவையில் ஆர்தர் சி. கிளார்க் நிலையமும் வந்தது. அதற்கு ஒரு வருடம் முன்பு, 1983 ஜூலையில், வெள்ளவத்தைக் கடைகளும் வீடுகளும் எரிந்ததையும் சேர்த்தே ஞாபகம் வைக்க வேண்டும். நம் வரலாற்றில் புதிய சாமான்கள் வந்த ஆண்டுகளும் தீ வைத்த ஆண்டுகளும் அடுத்தடுத்தே கிடக்கின்றன.

அந்தக் காலத்துக் கணினிகளின் பின்புறத்தில் ஒரு சிவப்புச் சிறு சுவிட்ச் இருந்தது. ஒரு பக்கம் 115, மறு பக்கம் 230. அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த கணினி 115இல் இருக்கும். பார்க்காமல் நம் சுவரில் குத்தினால், வெடி! காரணம் எளிமையானது. 115இல் இருக்கும்போது உள்ளே உள்ள சுற்று வோல்டேஜை இரட்டிப்பாக்கும். 230 வோல்ட்டை நேராக்கினால் உச்சம் 325 வோல்ட். அதையும் இரட்டித்தால் 650. உள்ளே இருக்கிற கெபாசிட்டர்கள் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல. 2000களில் ஐரோப்பிய விதிகள் காரணமாக வேறு வகைச் சுற்று பரவியபோது, நல்ல பவர் சப்ளைகளிலிருந்து அந்தச் சுவிட்ச் மறைந்தது. இன்றும் ஒரு புதுப் பெட்டியில் அந்தச் சிவப்புச் சுவிட்ச் இருந்தால், உள்ளே இருப்பது பழைய வடிவமைப்பு என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்திலிருந்து பன்னிரண்டுக்கு

இப்போது நம் பிள்ளைகளின் கேள்விக்கு நேராக வருகிறேன்.

ஆரம்பகாலக் கணினியில் சிப்புகள் எல்லாம் 5 வோல்ட்டில் ஓடின. 12 வோல்ட் டிஸ்க்கைச் சுழற்றும் மோட்டாருக்கு மட்டும். அதனால் அன்றைய பவர் சப்ளையின் பலம் 5 வோல்ட் பக்கத்தில் இருந்தது. 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற பொது அளவை கொண்டுவந்தது. எந்தக் கம்பனியின் பெட்டிக்கும் எந்தக் கம்பனியின் பவர் சப்ளையும் பொருந்தும். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாஸாவில் ஒரு கடையில் போர்ட், அடுத்த கடையில் ரேம், எதிர்க் கடையில் கேஸ் என்று வாங்கி நாமே பூட்டுகிற பழக்கத்துக்கு அடித்தளம் அதுதான். 2000இல் பென்டியம் 4 வந்தபோது ப்ரொசெசருக்கென்று தனியாக 12 வோல்ட்டில் நான்கு முள் இணைப்பு வந்தது. பாரம் 5இலிருந்து 12க்கு மாறியது. இன்று கணினியில் பெரிதாக இழுக்கிற இரண்டும், ப்ரொசெசரும் கிராஃபிக்ஸ் கார்டும், 12 வோல்ட்டில்தான் வாழ்கின்றன.

மலிவுப் பெட்டியின் பொய் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. பக்கத்தில் பெரிதாக 500 வாட் என்று இருக்கும். அதை விடுங்கள். கீழே சின்ன எழுத்தில் ஒரு அட்டவணை இருக்கும். அதில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை அம்பியர் என்று பாருங்கள். 18 அம்பியர் என்று இருந்தால், 12ஐ 18ஆல் பெருக்குங்கள். 216 வாட். கார்டும் ப்ரொசெசரும் சேர்ந்து பயன்படுத்தக்கூடியது அந்த 216 மட்டும்தான். மீதி, கணினி இன்று பெரிதாகக் கேட்காத 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கணக்குக்காக எழுதப்பட்டது. நல்ல பெட்டி ஒன்றில் 550 வாட் என்று இருந்தால் 12 வோல்ட்டிலேயே ஏறத்தாழ முழுவதையும் தரும், 45 அம்பியர் போல. இந்தப் பெருக்கலைச் செய்ய ஆறாம் வகுப்புக் கணிதம் போதும்.

கார்டின் பசி

கிராஃபிக்ஸ் கார்ட் முதலில் ஒரு சாதுவான சாமான். போர்டிலிருந்து வருகிற மின்சாரமே அதற்குப் போதும். 1997இல் ஏஜிபி என்ற தனி இணைப்பு வந்தது. 1999இல் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256. 2000இல் த்ரீடிஎஃப்எக்ஸ் கம்பனி வூடூ 5 6000 என்ற கார்டைச் செய்தபோது அதற்குச் சுவரில் குத்த வேண்டிய தனிப் பவர் சப்ளையே செய்தார்கள். அந்தக் கார்ட் விற்பனைக்கு வரவே இல்லை, கம்பனியும் விழுந்தது. ஆனால் அது காட்டிய திசையில்தான் உலகம் போனது. 2004 தொடக்கம் பரவிய பிசிஐ எக்ஸ்பிரஸ் இடுக்கு 75 வாட் வரை கொடுக்கும். போதாவிட்டால் பவர் சப்ளையிலிருந்து ஆறு முள் வயர், அது இன்னொரு 75. எட்டு முள் என்றால் 150.

கார்டின் முகத்தைப் பார்த்தாலே அதன் பசி தெரியும். 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650இன் அடிப்படை வடிவத்துக்கு வயரே தேவையில்லை, 75 வாட்டுக்குள் வாழும். 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 170 வாட் கேட்கும், கம்பனி சொல்வது 550 வாட் பவர் சப்ளை. 2023இன் ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட்தான். 2022இன் ஆர்டிஎக்ஸ் 4090 450 வாட். அதாவது ஐபிஎம்மின் முதல் கணினி ஏழு, ஒரே கார்டில்! அந்தக் கார்டுக்காக வந்த புதிய சிறு இணைப்பி சில இடங்களில் உருகிய செய்திகள் உலகமெல்லாம் போயின. அடுத்த வருடமே அதன் வடிவத்தைத் திருத்த வேண்டி வந்தது.

"170தானே கேட்கிறது, ஏன் 550?" என்று கேட்பீர்கள். கார்ட் 170. ப்ரொசெசர் 65 என்று எழுதியிருந்தாலும் வேலை வரும்போது 130ஐத் தாண்டக்கூடியது. டிஸ்க், விசிறி, போர்ட் எல்லாம் சேர்த்து ஒரு 50. மொத்தம் 350. இது சராசரி. ஆனால் கார்ட் சராசரியாகச் சாப்பிடுவதில்லை. ஒரு கண்ணிமைப்பிலும் சிறிய நேரத்துக்குத் தன் அளவைவிடப் பல மடங்கு பாய்ந்து இழுக்கும். நல்ல பவர் சப்ளை அந்தப் பாய்ச்சலைத் தாங்கும். மோசமானது அணைந்துவிடும். இன்னும் மோசமானது அணையாமலே எரிந்துவிடும். 2022இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 இந்தப் பாய்ச்சலையே விதியாக எழுதியது.

இன்னொன்று, சூடு. 2004இல் அமெரிக்காவில் 80 பிளஸ் என்ற தரச் சான்று தொடங்கியது. கணினிக்கு 300 வாட் தேவை என்றால், 80 வீதத் திறனுள்ள பெட்டி சுவரிலிருந்து 375 எடுக்கும், 75 சூடாகப் போகும். 65 வீதத் திறனுள்ள பெட்டி 460 எடுக்கும், 160 சூடாகப் போகும். வித்தியாசம் 86 வாட் போல. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் என்றால் மாதம் 13 யுனிட். நம் கட்டண முறை படிப்படியாக ஏறுவது. அந்த 13 யுனிட் உங்களை அடுத்த படிக்குத் தள்ளினால் உம்மாவின் கையில் வருகிற பில் வேறு கதை சொல்லும். மலிவுப் பெட்டிகள் 25 பாகை வெப்பத்தில் அளந்த எண்ணைத்தான் ஒட்டுகின்றன. கொழும்பில் 25 பாகை எப்போது, எங்கே என்று நீங்களே சொல்லுங்கள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வீடென்றால் உப்புக் காற்று, காலி வீதிப் பக்கம் என்றால் தூசு. இரண்டையும் அந்த விசிறிதான் உள்ளே இழுக்கிறது.

சுவருக்குப் பின்னால்

பெட்டி நல்லது என்றால் போதுமா? போதாது. சுவரைப் பார்க்க வேண்டும்.

நம் பழைய வீடுகளில் வட்ட முள் ப்ளக். 5 அம்பியர், 15 அம்பியர். இப்போது சதுர முள் 13 அம்பியர்தான் தேசிய அளவு. இரண்டு முள் ப்ளக் ஒன்றை மூன்று துளையில் குத்த, மேல் துளையில் பேனாவைச் செருகுகிற வித்தையை இந்த நாட்டில் படிக்காத பிள்ளை இல்லை. அந்த மேல் துளைதான் எர்த். கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகள் சிலவற்றில் துளை இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. கணினியின் கேஸைத் தொட்டால் விரலில் விறுவிறு என்று இருந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பவர் சப்ளையின் வாயிலில் இரைச்சலை வடிகட்டும் சிறு கெபாசிட்டர்கள், கசிகிற மின்சாரத்தை எர்த்துக்கு அனுப்பப் பார்க்கின்றன. எர்த் இல்லாதபோது அது உங்கள் விரலைத் தேடி வருகிறது. "சின்ன ஷொக்தானே" என்று விடாதீர்கள். கார்ட் வாங்கும் முன் ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் பாருங்கள்.

ஒரு பாடசாலையில் நான் பார்த்தது இது. கணினிக் கூடத்துக்கு 20 கணினிகள் வந்தன. ரிப்பன் வெட்டி, படம் எடுத்து, எல்லாம் சிறப்பாக நடந்தது. பழைய பெரிய மொனிட்டர்களோடு ஒவ்வொன்றும் 200 வாட் என்றால் மொத்தம் 4,000 வாட், 230ஆல் பிரித்தால் 17 அம்பியருக்கு மேல். கூடத்துக்கு இருந்ததோ ஒரே ஒரு 15 அம்பியர் இணைப்பு. பாதி வகுப்பு கணினிக்கு முன்னால், பாதி வகுப்பு அவர்களுக்குப் பின்னால் நின்று பார்த்தது. கணினி கொடுத்தவரின் பெயர் கல்லில் இருந்தது. வயர் போடுவதற்கு யாரும் கல் வைப்பதில்லை, அதனால் வயர் வரவில்லை.

யாருடைய மின்சாரம்?

1969 நவம்பர் 1ஆம் திகதி இலங்கை மின்சார சபை உருவானது. 1985இல் விக்டோரியா, 210 மெகாவாட். நாடு தண்ணீரை நம்பியே எரிந்தது. 1996இல் மழை பொய்த்தபோது இருண்டது. 2001, 2002இலும் மின்வெட்டு. கொழும்பில் யுபிஎஸ் வீட்டுச் சாமானாக மாறியது இப்படியான வருடங்களால்தான்.

ஆனால் கொழும்பின் மின்வெட்டைப் பற்றி மட்டும் பேசினால் அது அரை வரலாறு. 1990இல் போர் மீண்டும் மூண்ட பின் யாழ்ப்பாணத்துக்குத் தேசிய மின்சாரமே இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட தலைமுறை அது. ஜாம் போத்தல் விளக்கில் பரீட்சைக்குப் படித்தார்கள். பல வருடங்களின் பின் போர் முடிந்தே வடக்கு மீண்டும் தேசிய வலையமைப்போடு சேர்ந்தது. அங்கிருந்து வந்து வெள்ளவத்தை லொட்ஜுகளில் வீசாவுக்குக் காத்திருந்தவர்களுக்கு, சுவிட்சைப் போட்டதும் எரிகிற பல்ப் ஒரு அதிசயம்.

அதே 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதியில் குடிசைகளில் குடியேறினார்கள். பிறகு அதே கற்பிட்டிக் குடாவில், நுரைச்சோலையில், நிலக்கரி மின் நிலையம் வந்தது. 2011இல் முதல் 300 மெகாவாட், 2014இல் மூன்றும் சேர்ந்து 900. நிலக்கரித் தூசும் சாம்பலும் தங்கள் வீடுகளிலும் தோட்டங்களிலும் விழுவதாக அப்பகுதி மக்கள் பல வருடங்களாக முறையிட்டு வருகிறார்கள். கொழும்பில் நாம் வீணாக்குகிற 86 வாட்டில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. இதைச் சொல்வது யாரையும் குற்றவாளியாக்க அல்ல. மின்சாரத்துக்கு ஒரு முகவரி உண்டு என்று சொல்லத்தான். வீண்விரயம் பற்றி நம் மார்க்கம் சொல்வது தண்ணீருக்கும் சோற்றுக்கும் மட்டுமல்ல.

2022ஐ யாரும் மறக்கவில்லை. மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டார்கள். 200 போல இருந்த டொலர் சில வாரங்களில் 360 போல ஆனது. எரிபொருள் வாங்க டொலர் இல்லை. மார்ச் முடியும்போது ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. ஏப்ரல் தொடக்கத்தில் வந்த நோன்பில் பல வீடுகள் இருட்டில் நோன்பு திறந்தன. ஓகஸ்ட்டில் மின் கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். 2022 செப்டெம்பரில் எதீரியம் நாணயம் கார்டுகளால் தோண்டப்படுவது நின்று, இரவு பகலாக உழைத்த பழைய கார்டுகள் உலகச் சந்தையில் குவிந்தன. இன்று நம் பிள்ளைகள் வாங்குகிற செக்கண்ட் ஹேண்ட் கார்டுகளில் அவையும் இருக்கலாம். கார்டே களைத்தது என்றால் பவர் சப்ளை இன்னும் நல்லதாக இருக்க வேண்டும்.

கடைசியாக 2025 பெப்ரவரி 9. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருண்டது. எல்லாரும் குரங்கை வைத்துப் பகிடி பண்ணினோம். ஆனால் அது நடந்தது ஞாயிறு முற்பகல். வெயில் நன்றாக, கூரைச் சூரிய மின்சாரம் நிறைய, தேவையோ குறைவு. பாரமாகச் சுழலும் இயந்திரங்கள் குறைந்த நேரத்தில், திடீர் அதிர்ச்சியைத் தாங்க வலையமைப்புக்குச் சதை இருக்கவில்லை. அதே வருடம் ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையில் சூரியப் பலகைகளை அணைத்து வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டது. மின்சாரம் போதாமல் தவித்த நாடு, மூன்று வருடத்தில், கூடியதற்காகத் தவித்தது. எத்தனை வாட் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. திடீரென்று ஏறி இறங்கும்போது தாங்குமா என்பது வேறு கேள்வி. நாட்டுக்கும் பெட்டிக்கும் இது ஒன்றுதான். நல்ல பவர் சப்ளைக்குள் இருக்கிற பெரிய கெபாசிட்டர், கரண்ட் போனாலும் சுமார் 16 மில்லிவிநாடி கணினியைப் பிடித்து வைக்கும். யுபிஎஸ் பெரும்பாலும் பத்து மில்லிவிநாடிக்குள் மாறிவிடும். அந்த ஆறு மில்லிவிநாடி இடைவெளியில்தான் இரவெல்லாம் செய்த வேலை தப்புகிறது. மலிவுப் பெட்டியில் முதலில் வெட்டப்படுவது அந்தக் கெபாசிட்டரின் அளவுதான்.

ஆகவே, பிள்ளைகளே

பட்ஜெட்டைக் கார்டிலிருந்து தொடங்காதீர்கள், சுவரிலிருந்து தொடங்குங்கள். முதலில் எர்த். பிறகு பவர் சப்ளை: 12 வோல்ட்டின் அம்பியரைப் பெருக்கிப் பாருங்கள், 80 பிளஸ் சான்று இருக்கிறதா பாருங்கள், எத்தனை வருட வொரண்டி என்று கேளுங்கள். அதன் பிறகு மிஞ்சிய காசுக்கு என்ன கார்ட் வருகிறதோ அதை வாங்குங்கள். டெல், எச்பி போன்ற பழைய கந்தோர்க் கணினி என்றால் வாங்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள். பலவற்றில் 24 முள் இருக்காது, அவர்களது சொந்த இணைப்புத்தான். அதற்கு வயர் தேவைப்படாத 75 வாட் கார்ட் ஒன்றே பெரும்பாலும் நியாயமான தெரிவு. பூட்டும்போது வேறு பவர் சப்ளையின் வயரை இதில் குத்தாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே முட்களின் ஒழுங்கு மாறியிருக்கும். பவர் சப்ளையைத் திறந்து பார்க்கவே வேண்டாம். ப்ளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே 300 வோல்ட் காத்திருக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளை கார்ட் கேட்டால் "கேம் விளையாடவா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இதற்கு மின்சாரம் எங்கிருந்து வரும்?" என்று கேளுங்கள். பதில் தெரிந்த பிள்ளைக்கு வாங்கிக் கொடுங்கள்.

ஹட்டன் பக்கம் போனால் நோட்டன் பிரிட்ஜில் 50 மெகாவாட் மின் நிலையம் ஒன்று இருக்கிறது. 1965இல் வந்தது, விமலசுரேந்திரவின் பெயர். கொழும்பில் விளக்கு எரிகிற எத்தனையோ கட்டடங்களுக்கு எத்தனையோ பேரின் பெயர். வெளிச்சத்துக்குப் பின்னால் நின்றவருக்கு மலையில் ஒரு பெயர்ப்பலகை. அடுத்த பெருநாள் விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய் வாருங்கள்.